ஆடி கழியட்டும்

என் வீட்டுக்காரர் மின்சாரம் சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தார். எந்த அலுவலகம், என்ன பதவி என்று எழுதப் போவதில்லை. ஓய்வு பெற்ற பிறகும் அதைச் சொன்னால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். கல்யாணமான புதிதில் என் அப்பா, "மாப்பிள்ளைக்கு ஆபீஸ்ல என்ன வேலை?" என்று கேட்டதற்கு, "ஃபைல் வரும், போகும்" என்று பதில் சொன்ன மனிதர். அப்பா கடைசிவரை அவரைத் தபால் பிரிவில் இருப்பவர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் பேச்சு எங்கள் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. டி.வி.யில் மின்சாரம் பற்றி ஏதாவது செய்தி வந்தால் மனுஷர் எழுந்து பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்துவிடுவார். செய்தி பொய்யாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே "ம்ஹும்" என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஆகவே அவர் எழுந்து போனால் செய்தி உண்மை என்று நானாகவே கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஒரு வருஷம் மின்சாரக் கொள்முதல் பற்றித் தினமும் யாராவது ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் துளசி வேர் அழுகிச் செத்துப்போனது. புதுச் செடி வாங்கி வைத்தேன். இதை அவரிடம் கேலியாகக்கூடச் சொன்னதில்லை. சொன்னால் தண்ணீர் ஊற்றுவதையும் நிறுத்திவிடுவார், எனக்கு இருந்த ஒரே தகவல் வழியும் அடைபட்டுவிடும்.

ஏன் இப்படி என்பதற்கு ஒரே ஒரு தடவைதான் காரணம் சொல்லியிருக்கிறார். நங்கநல்லூரில் இருக்கும் அவர் தங்கை, தான் மனை பார்த்திருக்கும் பக்கம் புதிதாகத் துணை மின்நிலையம் வருமா என்று கேட்டாள். வரும், வராது என்று ஒரு வார்த்தை. அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அவள் அந்த வருஷப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூடப்பிறந்தவளிடமா இந்தக் கறார் என்று நான் சத்தம் போட்டேன். அப்போது சொன்னார்: "முன்னாடியே தெரிஞ்சவன் சம்பாதிப்பான், தெரியாதவன் ஏமாறுவான். அதனால வெளியில வர்ற வரைக்கும் யாருக்குமே தெரியக்கூடாது. என் தங்கச்சிக்கும் தெரியக்கூடாது, பெரிய முதலாளிக்கும் தெரியக்கூடாது. அதுதான் நியாயம்."

அந்த நியாயத்தை நான் மதித்தேன். எரிச்சலோடுதான், ஆனாலும் மதித்தேன். லஞ்சம் வாங்காதவரோடு குடித்தனம் நடத்துவது ஒரு பெருமை என்றால், ரகசியம் விற்காதவரோடு நடத்துவதும் பெருமைதானே. என்ன, பேச்சுத் துணைதான் கொஞ்சம் குறைவு.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் ஒரு சின்னத் தெருவில் எங்கள் கட்டடம் இருக்கிறது. ஆறே வீடுகள். வங்கி வேலையிலிருந்து நான் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும், சும்மாதானே இருக்கிறாள் என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். மோட்டார் ரிப்பேர், சம்ப் கழுவுதல், மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிறவர்கள் தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டால் போய்ச் சண்டை போடுவது, எல்லாம் நான். சண்டை எனக்குக் கைவந்த கலை. அதில் புகாரே வந்ததில்லை.

கீழ்த்தளத்தில் ஒரு பாய் குடும்பம். முன்னறையில் எம்பிராய்டரி செய்கிறார்கள். பாயின் அப்பா காலத்தில் திருவல்லிக்கேணியில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிக் கையால் செய்தார்களாம். இவர் கம்ப்யூட்டர் மிஷின் இரண்டு வாங்கிப் போட்டு, கல்யாணப் பட்டு ரவிக்கைகளுக்கு வேலை செய்து தி. நகர்க் கடைகளுக்குக் கொடுக்கிறார். மிஷின் மேலே பெரிய தினசரி நாட்காட்டி ஒன்று தொங்கும். முகூர்த்த நாள் எல்லாவற்றிலும் பச்சை மையால் வட்டம். எந்த மாதம் எத்தனை கல்யாணம், எந்த வாரம் கரிநாள், எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். என் அண்ணன் பெண்ணின் நிச்சயத்துக்கு நாள் பார்த்தபோது ஜோசியருக்கு முன்னால் பாயைத்தான் கேட்டேன். "அன்னைக்கு வேணாம்க்கா, சத்திரம் எதுவும் கெடைக்காது, நல்ல முகூர்த்தம்" என்றார். அப்படியே இருந்தது.

அவருடைய பெரிய தலைவலி கரண்ட் பில். வியாபார இணைப்பு என்பதால் எங்களைப் போலச் சலுகை கிடையாது. மிஷின் ஓட ஓட வருமானம், ஓட ஓட பில். "நான் இன்னாக்கா சம்பாதிக்கிறேன், மீட்டர்தான் சம்பாதிக்குது" என்பார்.

நங்கநல்லூர் நாத்தனார் வீட்டு மாடியில் சூரியத் தகடுகள் போட்டதைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எனக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. எங்கள் மொட்டை மாடியில் வெயிலுக்கா பஞ்சம்? ஆறு வீடும் சேர்ந்து போட்டுக்கொள்ளலாம், அதில் பெரிய பங்கைப் பாய்க்கு விட்டுக்கொடுக்கலாம் என்பது என் திட்டம். சென்னையில் ஃபிளாட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும், மொட்டை மாடியில் ஒரு சதுர அடியை விட்டுக்கொடுக்கச் சொல்வது சொத்தை எழுதித் தரச் சொல்வதற்குச் சமம். இரண்டாம் மாடி மாமா, ஓய்வு பெற்ற ஆடிட்டர், உடனே கொடி பிடித்தார். "கமர்ஷியலுக்கு எதுக்கும்மா நம்ம மாடி? நாளைக்கு உரிமை கொண்டாடிண்டு நின்னா?" என்றார். நான் அவர் வீட்டிலேயே போய் உட்கார்ந்து, மாமி கொடுத்த காபியைக் குடித்து, பாயின் அப்பாவுக்கும் பாட்டனுக்கும் சேர்த்து நற்சான்று கொடுத்துச் சம்மதம் வாங்கினேன். மற்ற வீடுகளிலும் இதே கதைதான். எல்லாரும் கடைசியில் சொன்னது ஒன்று: "நீங்க சொல்றீங்க, அதனால சரி."

பாயும் அதையேதான் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கரண்ட் செலவு குறையப் போகிறது என்ற தைரியத்தில் தி. நகரில் ஒரு பெரிய கடைக்கு, ரவிக்கைக்கு இவ்வளவு என்று விலையைக் குறைத்துச் சொல்லி, ஆவணி தொடங்கித் தை வரைக்குமான ஆர்டரைப் பிடித்துவிட்டார். அந்த ஆர்டருக்காக ஊரிலிருந்து மச்சானையும் வேலைக்கு வரவழைத்தார். "உங்க வார்த்தையை நம்பித்தான்க்கா துணிஞ்சேன்" என்று அவர் சொன்னபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தகடு போடும் கம்பெனிக்கு நந்தனத்தில் கண்ணாடிக் கட்டடத்தில் அலுவலகம். நாடெங்கும் கிளை உள்ள பெரிய குழுமம். ஆடி பிறந்ததும் அவர்களிடமிருந்து போன் மேல் போன். ஆடித் தள்ளுபடியாம். துணிக்கும் பாத்திரத்துக்கும்தான் ஆடித் தள்ளுபடி கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்கள் வெயிலுக்கே போட்டுவிட்டார்கள். மாதம் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டால் விலையில் பெரிய குறைப்பு, தகடுகளைத் தாங்கும் கம்பிச் சட்டம் இலவசம். எனக்குத் தள்ளுபடி என்ற சொல்லைக் கேட்டால் நிற்க முடியாது. வருஷா வருஷம் ரங்கநாதன் தெரு நெரிசலில் இடிபட்டுத் தேவையில்லாத போர்வைகளோடு திரும்புகிறவள் நான்.

கையெழுத்துப் போடக் கிளம்பிய காலை நன்றாக நினைவிருக்கிறது. இவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆடி கழியட்டுமே" என்றார்.

"என்னது?"

"நல்ல காரியம் தொடங்கற. ஆடியில எதுக்கு? ஆவணியில பண்ணிக்கலாம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் யார் தெரியுமா? பழைய வீட்டு வாடகை முடிகிறது என்று நடு மார்கழியில் எங்களைக் குடிமாற்றிக் கூட்டி வந்தவர். அவர் அம்மா அழுத அழுகைக்கு அசையாதவர். கடை காலியாக இருக்கும், சீக்கிரம் வேலை முடியும் என்று ராகு காலம் பார்த்துப் போய் ஸ்கூட்டர் எடுத்தவர். எங்கள் வீட்டில் காலண்டர் என்றால் அது கேஸ் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கத்தான்.

"ரிடையர் ஆகப் போறப்ப பக்தி வரும்னு சொல்வாங்க. உங்களுக்குப் பஞ்சாங்கமே வந்துடுச்சா?" என்றேன்.

"ஒரு மாசம்தானே."

"ஆடித் தள்ளுபடியை ஆவணியில உங்க ஆபீஸ் குடுக்குமா?"

அவர் என்னையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு டம்ளரை வைத்துவிட்டுப் பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நான் அதையும் பார்த்தேன். டி.வி. அணைந்துதான் கிடந்தது. எனக்குப் புரியவில்லை. பாயைக் கூட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்து நந்தனம் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, முன்பணமும் கட்டிவிட்டு வந்தேன். பாய்க்கு ஆடியில் கல்யாண வேலை இல்லாத நேரம். கைப்பணத்தோடு அவர் மனைவியின் வளையல்களும் சேர்ந்துதான் அந்தப் பணம் ஆனது.

கம்பிச் சட்டங்கள் மாடிக்கு ஏறின. தகடுகள் வந்து இறங்கின. இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம், மீட்டர் மாற்ற ஆள் வரவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் ஆவணி பிறந்தது.

அன்று சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரம் பற்றிப் புது உத்தரவு வந்திருப்பதாகச் செய்தி. இனிமேல் இணைப்பு வாங்கும் மாடித் தகடுகளுக்கு மாதா மாதம் ஒரு கட்டணம். நம் மாடி, நம் வெயில், நம் வீட்டுக்குள்ளேயே செலவழிக்கிறோம். ஆனாலும் அரசாங்கக் கம்பியோடு தொடர்பு இருப்பதால் கட்டணம். வீடுகளுக்குக் கொஞ்சம், வியாபார இணைப்புகளுக்கு நிறைய. ஏற்கெனவே இணைப்பு வாங்கியவர்களுக்கு மட்டும் பழைய கணக்கு. பாய்க்கு வரவேண்டிய மிச்சம் அத்தனையும் அந்தக் கட்டணத்துக்கே சரியாகிவிடும் என்பதைக் கூட்டிப் பார்க்கக் காகிதம்கூடத் தேவைப்படவில்லை. வங்கியில் குப்பை கொட்டியவள் இல்லையா.

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். பால்கனிக்குப் போகவில்லை. "ம்ஹும்" என்றும் சொல்லவில்லை. செய்தி முடிந்து விளம்பரம் ஓடுகிறது, அதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடி கழியட்டும் என்று இவர் சொன்னது சாமிக்குப் பயந்து இல்லை. ஆவணியில் இந்த உத்தரவு வெளியே வந்துவிடும், அதற்குள் உனக்கு மீட்டர் மாறாது, அதுவரை பொறு என்று தன் நியாயத்தை மீறாமல் என்னிடம் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவையும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ வருஷம் குடித்தனம் நடத்தியும், இந்த மனுஷர் வாயில் ஆடி என்ற சொல் வந்தபோதே நான் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா?

அன்று நான் சண்டை போடவில்லை. சண்டை போடும் அளவுக்குக் கோபம் இறங்கவே சில நாள் பிடித்தது. வத்தக்குழம்பும் அப்பளமுமாகச் சமைத்து வைத்துவிட்டு வேறு அறையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்குக் கோபம் எதில் என்றால், என்னிடம் சொல்லாததில்கூட இல்லை. தினமும் பாயைத் தாண்டித்தானே படியேறினார்? "இன்னா சார், நல்லா கீறீங்களா" என்று அவர் கேட்டதற்குத் தலையாட்டிக்கொண்டேதானே வந்தார்? எப்படி முடிந்தது?

கடைசியில் ஒரு நாள் கேட்டே விட்டேன். "தெரியும்னு ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன தம்பட்டமா அடிச்சிருப்பேன்?"

"நீ பாய்கிட்ட சொல்லுவ. பாய் கடைக்காரர்கிட்ட சொல்லுவார்" என்றார். பிறகு, "எல்லாருக்கும் ஒரே நாள்ல தெரியணும்" என்றார். அவர் குரலில் வீம்பு இல்லை. களைப்புதான் இருந்தது. அதற்குமேல் எனக்கும் கத்தத் தோன்றவில்லை.

முன்பணத்தையாவது திரும்பக் கேட்போம் என்று நானும் பாயும் மறுபடி நந்தனம் போனோம். எங்களுக்கு விற்ற ஆள் நல்ல மாதிரி, மரியாதையாகக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். இப்படி ஓர் உத்தரவு வந்துவிட்டதே என்று நான் ஆரம்பித்தேன். அவர் ஏதோ எங்களுக்கு உபகாரம் செய்தவர் போலச் சிரித்தார்.

"இது வரப்போகுதுன்னு எங்களுக்குத் தெரியும் மேடம். மே மாசமே ஹெட் ஆபீஸ்லேர்ந்து சொல்லிட்டாங்க. இந்த உத்தரவுக்குப் போட்ட கமிட்டியிலயே எங்க ஆளு இருந்தாரு. அதனாலதான் ஆடிக்குள்ள முடிச்சுடுங்கன்னு இத்தனை ஆஃபர் போட்டோம். உங்களுக்கு மீட்டர் லேட் ஆயிடுச்சு, அதுதான் பேட் லக்."

"அப்ப எங்ககிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"அது கான்ஃபிடென்ஷியல் மேடம்."

பாய் என் முகத்தைப் பார்த்தார், நான் கண்ணாடிச் சுவரைப் பார்த்தேன். அந்தக் குழுமத்துக்குத் தெற்கு மாவட்டங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் சொந்தத் தகடுகள் உண்டு. அவ்வளவு பெரிய இடங்களுக்கு அந்தக் கட்டணம் கிடையாது என்று உத்தரவின் கடைசியில் ஒரு வரி இருந்ததைப் பிறகு படித்தேன். முன்பணம் திரும்பாது, சாமான் இறங்கிவிட்டது என்று வருத்தத்தோடு சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் அதைச் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன், குத்திக்காட்டத்தான் சொன்னேன். "உங்க ரகசியம் நந்தனத்துல தண்ணி குடுக்கற ஆளுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு. மே மாசமே."

"மே மாசமா?" என்றார்.

"மே மாசம்."

"மே மாசமா?" என்று இன்னொரு தடவை கேட்டார். பிறகு எழுந்து பால்கனிக்குப் போனார். தண்ணீர் ஊற்றவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றார். அவர் முதுகைப் பார்த்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை. தங்கையோடு பகை, மாமனாருக்குக் கடைசிவரை தபால் பிரிவு ஆள், பெண்டாட்டியோடு பேச்சு வார்த்தை இல்லாத ஒரு வாழ்க்கை. இத்தனையும் எல்லாருக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும் என்பதற்காக. கதவை இவர் ஒருவர் மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார், சுவர் முழுக்க ஜன்னல் திறந்து கிடந்திருக்கிறது. நான் இன்னொரு காபி போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

ஆனால் கோபத்தை எங்காவது காட்ட வேண்டுமே. அந்தக் கமிட்டியில் யார் யார் இருந்தார்கள், கம்பெனிகள் என்ன கேட்டன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். விசாரித்ததில், எங்களைப் போன்றவர்களிடமும் கருத்துக் கேட்டார்களாம். இணையதளத்தில் ஆங்கிலத்தில் ஒரு மூலையில் போட்டிருந்தார்களாம். என் மனுவுக்கு மழைக்காலத்தில் பதில் வந்தது. வணிக நலன் கருதித் தெரிவிக்க இயலாது. அவ்வளவுதான். அந்தப் பதில் எந்த மேஜை வழியாக வந்தது என்று நான் இவரிடம் கேட்கவில்லை. அன்று ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

இதற்குள் பாய் தி. நகர் ஆர்டரை விட்டுவிட்டார். சொன்ன விலைக்கு முடியாது, விலையைக் கூட்டிக் கேட்டதற்குக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். மச்சான் ஊருக்குத் திரும்பிப் போனார். இரண்டு மிஷினில் ஒன்று உறை போட்டபடி நின்றது. பச்சை வட்டம் போட்ட முகூர்த்தங்கள் ஒவ்வொன்றாகக் கிழிந்துகொண்டிருந்தன. அவர் என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அக்கா, சாப்ட்டீங்களா" என்று எப்போதும் போலக் கேட்பார். அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆறியிருப்பேன்.

மழை விட்ட ஒரு சாயங்காலம் எல்லாரையும் மாடியில் கூட்டினேன். ஆறு வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். நந்தனத்துக்காரர் சொன்னது, தகவல் மனுவின் பதில், எல்லாம். இறங்கிய தகடுகளைப் பொதுவான விளக்குக்கும் மோட்டாருக்கும் மட்டும் மாட்டிக்கொள்வது, பாயின் பங்கு முன்பணத்தைச் சங்கம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அதை முதலில் சொன்னவர் அந்த ஆடிட்டர் மாமாதான். நான் அவரைப் பற்றி நினைத்ததையெல்லாம் மனசுக்குள் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

வாபஸ் வாங்கி முடிப்பதற்குள் மாமா திரும்பினார். இவர் அன்று அதிசயமாக மாடிக்கு வந்து தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றிருந்தார். சங்கக் கூட்டத்துக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"ஏன் சார், நீங்க அந்த டிபார்ட்மெண்ட்லயே இருந்துண்டு, உங்களுக்கு இது முன்கூட்டியே தெரியாதா?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பாய் தரையைப் பார்த்தார். இவருக்கு ஓய்வு பெறச் சில மாதங்கள்தான் இருந்தன. தெரியும் என்றால் வேலைக்கே வம்பு. தெரியாது என்றால் பொய், அந்த வாய்க்கு அது பழக்கமில்லை. தொண்டையைக் கனைத்தார். பதில் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தப் பதில் வந்தாலும் அதற்கப்புறம் இந்தக் கட்டடத்தில் தலை நிமிர்ந்து நடக்க மாட்டார் என்றும் தெரிந்தது.

"அவர் வேண்டாம்னுதான் சொன்னார் மாமா" என்றேன். "ஆடி கழியட்டும், ஆடியில நல்ல காரியம் தொடங்காதேன்னார். நான்தான் கேக்கல. தள்ளுபடி கண்ணை மறைச்சுடுச்சு."

எல்லாரும் சிரித்தார்கள். மாமி, "நான் அன்னிக்கே நினைச்சேன், ஆடியில போய் யாராவது" என்று ஆரம்பித்தார். பேச்சு பெரியவர்கள் சொன்ன சாஸ்திரம், யார் யார் ஆடியில் எதை வாங்கி என்ன ஆனது என்று திசை மாறிப் போய்விட்டது. அதில் ஒரு பொய்யும் இல்லை பாருங்கள். இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் எங்கேயும் விற்க மாட்டேன். பாய் மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இவர் பேப்பரைப் பிரிக்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். நானும் சத்தமில்லாமல் பின்னாலேயே இறங்கி, கடைசி வளைவில் நின்றுகொண்டேன். ஒட்டுக் கேட்பது தப்புதான். இத்தனை வருஷம் பட்டினி கிடந்தவள், எனக்கு அந்த உரிமை உண்டு.

பாயின் மிஷின் சத்தம் நின்றது.

"வாங்க சார், குந்துங்க."

பெஞ்சு கிறீச்சிட்டது. பிறகு இவர் குரல்.

"எனக்குத் தெரியும் பாய்."

அந்த இரண்டு வார்த்தையை நான் அவர் வாயிலிருந்து கேட்டதே இல்லை. முதன்முதலாக வாயைத் திறந்தார், அதுவும் என்னிடம் இல்லை.

"புரிஞ்சிது சார்" என்றார் பாய். "நேத்து மாடில அக்கா ஆடின்னு சொல்லிச்சே, அப்பவே புரிஞ்சிது. கல்யாணத்துக்கு ஆடி பாக்குறவங்கள இத்தினி வருசமா பாத்துக்கினு கீறேன். கரண்டுக்கு ஆடி பாத்தவரு நீங்க ஒருத்தருதான். அன்னிக்கே எங்கிட்ட ஆடி வேணாம்னு நீங்க சொல்லிருந்தா நான் கப்புனு புடிச்சிருப்பேன்."

இவர் சிரித்த மாதிரி இருந்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"எனக்கே ஜூன்லதான் பாய் ஃபைல் வந்துது. அவங்களுக்கு மே மாசமே தெரிஞ்சிருக்கு." குரல் உடைந்தது. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னு நான் உட்கார்ந்து காவல் காத்துக்கிட்டிருந்தேன். தெரியாம இருந்தது நம்ம ரெண்டு வீட்டுக்கு மட்டும்தான்."

மேலே யாரோ குழாயைத் திறந்தார்கள். தெருவில் பூக்காரியின் குரல் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கண் கலங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

"விடுங்க சார்" என்றார் பாய். "டீ சொல்றேன். மூணு சொல்றேன். அக்காவும் படியிலதான் நின்னுக்கினு கீது."

வேறு வழியில்லாமல் இறங்கிப் போனேன். இவர் என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை. பெஞ்சில் சற்று நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.